கிராக்தார்ப்பில் யாரும் அறிவிக்காத மௌனம்

பெர்னார்ட் ஓல்ட்ராய்டைக் கோழை என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஓய்வு பெறும்வரை வீடு வீடாகப் போய் கேஸ் மீட்டர் பார்த்தவர். வடக்கு யார்க்‌ஷரில் உள்ள கடிநாய்களில் பாதி அவருடைய கால்சட்டையை ருசி பார்த்தவைதான். ஆனால் ஒரு பெண்மணியிடம் மனதில் உள்ளதை ஒரு வாக்கியமாகச் சொல்ல வேண்டும் என்றால் மட்டும் மனிதருக்கு வாயில் கொழுக்கட்டை அடைத்துக்கொள்ளும். காலமான மனைவியிடம்கூட அவராகக் கேட்கவில்லை. அந்தப் புண்ணியவதியே கேட்டு, தானே தேதி குறித்து, தானே சர்ச்சிலும் சொல்லி ஏற்பாடு செய்தார். இவர் சூட்டை மாட்டிக்கொண்டு போய் நின்றார், அவ்வளவுதான்.

இப்போது கேட்க வேண்டியது தெல்மா ஹெப்வொர்த்திடம். அதுவும் இன்றைக்கே கேட்டாக வேண்டும். கனடாவில் இருக்கும் தெல்மாவின் மகள், வீட்டை விற்றுவிட்டு மொத்தமாகத் தன்னிடம் வந்துவிடும்படி ஒரு வருஷமாக நச்சரித்துக்கொண்டிருந்தாள். இன்று சாயங்காலம் போன் செய்வாள். வருகிறேன், வரவில்லை என்று ஏதாவது ஒன்றை இன்று சொல்லிவிடுவதாகத் தெல்மா வாக்குக் கொடுத்திருந்தார். இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து பெர்னார்டுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. மாவுக்குள் ஆட்டுக்கறி வைத்துச் சுடும் ‘பை’ பலகாரத்தைக்கூடப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இருவருக்கும் பழக்கம் ஏற்பட்டதே ஒரு போர் நினைவுச் சின்னத்தின் முன்னால்தான். அவர் மனைவியை இழந்தவர், இவர் கணவரை இழந்தவர். வயதானவர்களுக்குப் பஸ் இலவசம். அப்புறம் என்ன, சனிக்கிழமை தோறும் ஏதாவது ஒரு சின்ன ஊருக்குப் போய், அந்த ஊர்ச் சதுக்கத்திலோ சர்ச் வாசலிலோ நிற்கும் நினைவுக் கல்லைப் பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டுத் திரும்புவார்கள். பெர்னார்ட் கல்லில் உள்ள, போரில் இறந்த பையன்களின் ஒவ்வொரு பெயரையும் உதடு அசைய வாசிப்பார். ஒரு பெயரை விட்டால்கூட அந்தப் பையன் கோபித்துக்கொள்வான் என்பது அவர் எண்ணம். தெல்மாவின் அளவுகோல் வேறு. பள்ளிக்கூடச் சமையலறையில் காலம் தள்ளியவர் அவர். புறா எச்சம் இல்லாத பெஞ்சு இருக்கிறதா, பக்கத்தில் கழிப்பறை திறந்திருக்கிறதா என்று பார்த்து ஊருக்கு மார்க் போடுவார்.

“நல்ல ஊருன்னா செத்தவங்களையும் மறக்கக் கூடாது, உசுரோட இருக்கறவங்க அவசரத்தையும் மறக்கக் கூடாது” என்பது தெல்மாவின் கட்சி. இந்த விஷயத்தில் மாவட்டத் தலைநகருக்கே சுழியம் போட்டவர்.

அன்றைக்குப் போனது கிராக்தார்ப் என்ற ஊருக்கு. பஸ்ஸில் ஏறியதுமே கேட்டுவிடுவது என்றுதான் பெர்னார்ட் வந்தார். தெல்மாவோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, கனடாவின் குளிருக்குத் தன்னுடைய கோட்டு தாங்குமா என்று ஊர் வரும்வரை பேசிக்கொண்டே வந்தார். நடுவில் ஒரு தடவை மூச்சு விட நிறுத்தினார். பெர்னார்ட் தொண்டையைச் செருமினார், நிமிர்ந்து உட்கார்ந்தார், வாயைத் திறந்தார். ஜன்னலை மூடட்டுமா என்று கேட்டார். டீக்கடையில் இன்னொரு சந்தர்ப்பம் கிடைத்தது. தெல்மா கப்பைக் கீழே வைத்துவிட்டு, ஏதோ சொல்ல வந்தீர்களே என்று அவராகவே எடுத்துக் கொடுத்தார். இதைவிட ஒரு பெண்பிள்ளை வேறென்ன செய்ய முடியும்? பெர்னார்ட் மென்று விழுங்கி, இந்த ஊரில் வெண்ணெய் நன்றாக இருக்கிறது என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த வெண்ணெயை அவர் தலையிலேயே தடவியிருப்பேன்.

சதுக்கத்தில் அன்று சந்தை. காய்கறி, மீன், மலிவு விலைச் செருப்பு என்று ஒரே இரைச்சல். நடுவில் கல் மேடை, அதன்மேல் தலை குனிந்து துப்பாக்கியைத் தலைகீழாக ஊன்றி நிற்கும் வெண்கலச் சிப்பாய். அவன் தலையில் சாலையில் வைக்கும் ஆரஞ்சு நிறக் கூம்பு ஒன்றை வெள்ளிக்கிழமைக் குடிகாரன் எவனோ கவிழ்த்திருந்தான். பெர்னார்ட் குடைப்பிடியால் அதைத் தள்ளிக் கீழே எடுத்து வைத்தார். தெல்மா பெஞ்சைச் சோதித்துப் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்று வந்து பக்கத்தில் நின்றார்.

இப்போது கேட்டுவிடலாம் என்று பெர்னார்ட் முடிவு செய்தார். ஆனால் ஒரே ஒரு தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வோமே. வேர்த்தது, தொப்பியைக் கழற்றினார். வெட்கமாக இருந்தது, தலையைக் குனிந்தார். கண்ணையும் மூடிக்கொண்டார்.

எல்லா வினையும் அதில்தான் ஆரம்பித்தது. பெர்னார்ட் எந்தக் கல்லின் முன்னாலும் தொப்பியைக் கழற்றிக் கண்ணை மூடியதைத் தெல்மா பார்த்ததே இல்லை. கல்லில் சொந்தக்காரன் எவனுடைய பெயரையோ பார்த்துவிட்டார் போலிருக்கிறது, பாவம், என்று நினைத்து அவரும் தலையைக் குனிந்தார். எதிரே இறைச்சிக்கடைக்காரர் விலைப் பலகையை வெளியே வைக்க வந்தவர், வயதான இருவர் கல்லின் முன்னால் குனிந்து நிற்பதைப் பார்த்தார். பலகையைச் சத்தமில்லாமல் கீழே வைத்துத் தன் வைக்கோல் தொப்பியைக் கழற்றினார். அவரைப் பார்த்து மீன்காரர் கூவுவதை நிறுத்தினார். மீன் வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்து, பையைக் கீழே வைத்தார்கள். நிறுத்தத்துக்கு வந்த பஸ்ஸின் ஓட்டுநர் எஞ்சினை அணைத்தார்.

இந்த நாட்டில் போர் நினைவுக் கல்லின் முன்னால் ஒருவர் மௌனமாக நின்றால் ஏன் என்று கேட்பது அநாகரிகம். நடுவில் விலகிப் போவது அதைவிட அநாகரிகம். போரில் இறந்தவர்களுக்காக நாடே மௌனமாக நிற்கும் நவம்பர் மாதத்தில் என்றால் தொல்லை இல்லை. மௌனம் முடிந்ததும் பியூகிள் என்ற ராணுவக் கொம்பை ஊதுவார்கள், தலையை நிமிர்த்திக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்குப் போகலாம். இது மே மாதம். பியூகிளும் இல்லை, ஊதுகிறவரும் இல்லை. ஆரம்பித்தவருக்கே ஆரம்பித்தது தெரியாதபோது முடித்து வைப்பது யார்?

பெர்னார்ட் உள்ளுக்குள் வாக்கியம் செய்துகொண்டிருந்தார். ‘நாம் இருவரும் சேர்ந்து’ என்று தொடங்கினால் பஸ் டிக்கெட் எடுக்கிற மாதிரி இருந்தது. ‘உங்களுக்கு ஆட்சேபணை இல்லையென்றால்’ என்றால் மீட்டர் பார்க்க வந்தவன் பேச்சு. கடைசியில் ஒரு மாதிரி தேறியது. பேசிவிடலாம் என்று கண்ணைத் திறந்தவருக்கு, மீன்காரரின் குரல் கேட்காதது அப்போதுதான் உறைத்தது. ஓரக்கண்ணால் பார்த்தார். சதுக்கம் முழுக்க ஜனம், ஒருவர் விடாமல் தலை குனிந்து நின்றார்கள். ஒரு ஈ ஆடவில்லை.

 இந்த ஊருக்கு இன்று ஏதோ துக்க நாள் போலிருக்கிறது, அது தெரியாமல் நடுவில் வந்து மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தார். இத்தனை பேர் அஞ்சலி செலுத்தும்போது கல்யாணப் பேச்சு எடுப்பதாவது! குனிந்த தலையை இன்னும் ஒரு விரற்கடை குனிந்துகொண்டார். அதைப் பார்த்து ஊரும் ஒரு விரற்கடை குனிந்தது. ஊருக்காக அவர் நின்றார், அவருக்காக ஊர் நின்றது. இப்படியே விட்டால் பொழுது சாய்கிறவரை நின்றிருப்பார்கள், சத்தியமாக.

யாரோ ஒருவருடைய போன் அடித்தது. அந்த மனிதர் அதைத் தன் கோட்டுக்குள் போட்டு நெஞ்சோடு அமுக்கி மூச்சுத் திணற வைத்தார். முன்னாள் படைவீரர் சங்கத்துக் கிழவர் வீட்டுக்கு ஓடிப் பதக்கங்களைக் குத்திக்கொண்டு, கொடியையும் தூக்கி வந்து சேர்ந்தார். இவ்வளவு பெரிய நிகழ்ச்சியைத் தனக்குச் சொல்லாமல் விட்டுவிட்டார்களே என்று இறைச்சிக்கடைக்காரரை எரித்துவிடுவதுபோல் பார்த்தார். சர்ச்சிலிருந்து பாதிரியார், பாதி கடித்த சாண்ட்விச்சை அங்கியின் பைக்குள் ஒளித்துக்கொண்டு விரைந்தார். வந்தவர் இறைச்சிக்கடைக்காரரின் காதோரம் குனிந்து, இது யாருக்காக என்று கேட்டார்.

“அந்தத் தொப்பியைக் கையில வெச்சிருக்காரே, அவங்க வீட்டு ஆளுங்களுக்காம் ஃபாதர்” என்றார் கடைக்காரர் கிசுகிசுப்பாக. “பெரிய குடும்பமாம். லண்டன்லேர்ந்து வந்திருக்காங்க.”

யார் சொன்னது என்று பாதிரியார் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. கடைக்காரருக்கே அந்த நிமிஷத்தில் அது உண்மையாகத்தான் பட்டது.

பாதிரியார் பூனைபோல நடந்து பெர்னார்டின் பக்கத்தில் வந்தார். மிகுந்த அனுதாபத்தோடு அவருடைய முழங்கையைத் தொட்டு, “நாலு வார்த்தை நீங்களே சொல்லி முடிச்சு வெச்சிடுங்க, ஐயா” என்றார். “ஊரே உங்களுக்காகத்தான் நிக்குது.”

பெர்னார்டுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எனக்காகவா? அப்படியென்றால் இந்த மொத்தக் கூத்துக்கும் நான்தான் காரணமா? நில்லுங்கள், நான் ஒரு பெண்ணிடம் பேசப் பயந்துகொண்டு நின்றேன், நீங்கள் போய் மீன் வாங்குங்கள் என்று எப்படிச் சொல்வது? ஏதாவது கிடைக்காதா என்று கல்லைப் பார்த்தார். நேர் எதிரே ஒரே குடும்பப் பெயரில் மூன்று பையன்கள் வரிசையாக இருந்தார்கள். ஆல்பர்ட் சக்டன், ஹெர்பர்ட் சக்டன், ஜோ சக்டன். வழக்கம்போல அவருடைய உதடு அசைந்தது.

ஜோ சக்டனுக்கு என்ன வயது இருந்திருக்கும்? மீசைகூடச் சரியாக முளைத்திருக்காது. இந்தச் சதுக்கத்தில்தான் எவளோ ஒருத்தியைப் பார்த்திருப்பான். கேட்கலாமா என்று நினைத்திருப்பான். வெட்கப்பட்டுக்கொண்டு, போருக்குப் போய்த் திரும்பி வந்து கேட்டுக்கொள்ளலாம் என்று ரயில் ஏறியிருப்பான். பெர்னார்ட் ஜோவின் பெயரை இன்னொரு தடவை வாசித்தார். ஜோவுக்காகவும்தான், தனக்காகவும்தான். எழுபது வயதில் உயிரோடு, குண்டடி படாமல், பக்கத்திலேயே நிற்பவளிடம் கேட்கத் துப்பில்லாமல் நிற்கிறோமே என்று அவருக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

அவர் கூட்டத்தைப் பார்க்கவில்லை. தெல்மாவின் பக்கம் திரும்பினார்.

“தெல்மா, கனடாவுக்குப் போகாதீங்க.”

சதுக்கத்தில் இருந்த அமைதிக்கு அது மீன் கடைவரை கேட்டது. குரல் உடைந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை, நிறுத்தினால் ஜென்மத்துக்கும் வராது என்று அவருக்குத் தெரியும்.

“எனக்குப் பேச வராது, உங்களுக்கே தெரியும். நீங்க போயிட்டா சனிக்கிழமை வந்தா நான் எங்க போவேன்? நெனச்சாலே பயமா இருக்கு. எனக்கு உங்களைப் புடிச்சிருக்கு. என்னைக் கட்டிக்கோங்க.”

ஒருவரும் தலையைத் தூக்கவில்லை. அடுத்தவர் பேச்சு காதில் விழுந்தாலும் விழாததுபோல் இருப்பதில் இந்த ஜனங்களை மிஞ்ச ஆள் கிடையாது. தலைகள் எல்லாம் கீழே, காதுகள் எல்லாம் மேலே. கொடிக்காரக் கிழவர், பேச்சு முடிந்ததும் கொடியைத் தாழ்த்தத் தயாராக இருந்தவர், இதற்குத் தாழ்த்துவதா உயர்த்துவதா என்று தெரியாமல் பாதியில் பிடித்துக்கொண்டு நின்றார். பாதிரியார் ஆமென் சொல்ல வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார்.

 எதற்கும் சுடச்சுடப் பதில் வைத்திருக்கிற தெல்மா அம்மாள், கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். பெர்னார்டுக்கு உயிரே போய்விட்டது. ஊர் நடுவில் வைத்து ஒரு பெண்மணியை அவமானப்படுத்திவிட்டோம், இனி கனடா என்ன, நிலாவுக்குக் கூப்பிட்டாலும் போய்விடுவார் என்று நினைத்தார். மன்னிப்புக் கேட்கலாம் என்றால் அதற்கும் நாக்கு புரளவில்லை. தலை தானாகவே மறுபடி குனிந்துகொண்டது.

தெல்மா கைப்பையைத் திறந்து கைக்குட்டையை எடுத்தார். மூக்கை ஒரு தடவை பலமாகச் சிந்தினார். மௌனத்தில் அது பியூகிளுக்குக் குறைவில்லாமல் ஒலித்தது. நாலைந்து பேர் பழக்க தோஷத்தில் தலையை நிமிர்த்திவிட்டு, அவசரமாக மறுபடி குனிந்தார்கள்.

“என் மககிட்ட இன்னிக்கு வரேன்னுதான் சொல்லியிருப்பேன்” என்றார் தெல்மா. கண்ணில் தண்ணீர் நின்றது, குரலில் மட்டும் சமையலறை அதிகாரம் குறையவில்லை. “நீங்க வெண்ணெயைப் பத்திப் பேசினப்பவே முடிவு பண்ணிட்டேன். இந்த மனுஷன் கேக்கவே போறதில்லைன்னு.”

“மன்னிச்சுக்கோங்க” என்றார் பெர்னார்ட் தரையைப் பார்த்து.

“போகலை நான். உங்களைக் கட்டிக்கிறேன்” என்றார் தெல்மா. பெர்னார்டின் கையிலிருந்த தொப்பியைப் பிடுங்கி, தட்டி, அவர் தலையில் வைத்தார். “இப்ப நிமிந்து நில்லுங்க. நீங்க நிமிந்தாதான் இவங்கல்லாம் வீட்டுக்குப் போக முடியும்.”