வெள்ளையில் தொடங்குகிறவன்

ஐந்து முறை ரூபிக்ஸ் கியூபைச் சேர்க்க வேண்டும். அதில் ஒன்று கெட்டுப்போனால் மன்னிப்பு உண்டு, கணக்கில் எடுக்க மாட்டார்கள். எனக்கான மன்னிப்பை இரண்டாவது முறையிலேயே தீர்த்துவிட்டேன்; இன்னும் இரண்டு திருப்பு பாக்கி இருக்கும்போதே அவசரப்பட்டு டைமரைத் தட்டி நிறுத்திவிட்டேன். மற்ற மூன்றும் பதினைந்து செகண்டுக்குள் வந்திருந்தன. ஐந்தாவதும் ஒழுங்காக வந்துவிட்டால் இறுதிச் சுற்று. நான்காவதை முடித்துக் கியூபை வைத்த நேரம் பார்த்து, அதிலிருந்து ஒரு கருப்பு ஸ்டிக்கர் உரிந்து மேசையில் விழுந்தது.

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு கம்யூனிட்டி ஹால், ஞாயிற்றுக்கிழமை காலை. பண்ருட்டி, கடலூர், பாண்டிச்சேரியிலிருந்தெல்லாம் பிள்ளைகள் வந்திருந்தார்கள். இருபத்தெட்டு வயதில் மீசையோடு போட்டிக்கு வந்தவன் நான் ஒருவன்தான். வாசலில் பெயர் பதிகிற பெண், "உங்க பையன் பேரு என்னங்க சார்?" என்று கேட்டாள். கல்யாணமே ஆகாதவனிடம் கேட்கிற கேள்வியா அது? "தமிழ்மாறன்னு எழுதிக்கோ" என்றேன்.

என் மேசைக்கு நடுவர் கண்ணகி. சென்னையிலிருந்து வந்திருந்தார், சிரிக்கவே தெரியாத முகம். உரிந்த ஸ்டிக்கரை எடுத்துப் பார்த்தார், அது இரண்டாகக் கிழிந்திருந்தது.

"இந்த கியூப் இனிமே செல்லாதுங்க. ஒரு கட்டத்துல மட்டும் ஸ்டிக்கர் இல்லைன்னா விரல்ல தடவியே கண்டுபிடிச்சிடலாம். வேற கியூப் கொண்டாங்க. அஞ்சு நிமிஷம் தரேன்."

கடையில் வாங்கும் கியூபில் கருப்பு நிறம் கிடையாது. ஆரஞ்சு இருக்க வேண்டிய பக்கத்தில் நானே கருப்பு ஒட்டி வைத்திருந்தேன். ஆறு பக்கமும் ஆறு நிறமாக இருந்தால் விதிப்படி தப்பில்லை. கேட்டவர்களிடம் ஸ்டைலுக்கு ஒட்டினேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை என்னவென்றால், எனக்குச் சிவப்பும் ஆரஞ்சும் ஒரே நிறம். பெற்ற அம்மாவுக்குக்கூட இது தெரியாது.

தெரியக் கூடாது. சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டின் எலக்ட்ரிக் பேனல்களைப் பழுது பார்க்கும் கான்ட்ராக்ட் எலக்ட்ரீஷியன் நான். ஏழு வருஷம் கழித்து பெர்மனென்ட் லிஸ்டில் பெயர் வந்திருக்கிறது. புதன்கிழமை மெடிக்கல். அதில் புள்ளிகளுக்கு நடுவே எண் ஒளிந்திருக்கும் ஒரு புத்தகத்தைக் காட்டி நிறம் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். அந்தப் புத்தகத்தை ஃபோனில் தேடிப் பிடித்து, எந்தப் படத்தில் என்ன எண் என்று மொத்தமும் நெட்டுருப் போட்டுவிட்டேன். எழுபத்தெட்டு ஃபார்முலாவை விரலில் வைத்திருப்பவனுக்கு முப்பத்தெட்டுப் படம் ஒரு பெரிய விஷயமா?

நான் கற்றுக்கொண்ட காலத்தில் இந்த விளையாட்டே மனப்பாடம்தான். வடலூர் பஸ் ஸ்டாண்டில் வாங்கிய கியூப் திருகாணி துருப்பிடித்த மாதிரி இறுகிக் கிடக்கும், உள்ளே தேங்காய் எண்ணெய் விட்டுத்தான் திருப்ப வேண்டும். முதலில் அடுக்கடுக்காகச் சேர்க்கிற முறை, ஒன்றரை நிமிஷம் ஆகும். பிறகு மூலைத் துண்டையும் ஓரத் துண்டையும் ஜோடி பிடித்து ஒன்றாக இறக்கப் பழகினேன், நாற்பது செகண்ட். அதற்கப்புறம் மேல் அடுக்குக்கு அந்த எழுபத்தெட்டு ஃபார்முலா. ஷிஃப்ட் பஸ்ஸில் உட்கார்ந்து மாதக்கணக்கில் உருப்போட்டு இருபதுக்குக் கீழே வந்தேன். நாற்பது வருஷத்துக்கு முன் உலகப் போட்டியில் முதலில் வந்தவருக்கே இருபத்துமூன்று செகண்ட் ஆனதாம். அந்த நேரத்தோடு இன்று நெய்வேலிக்கு வந்தால் டீயும் பிஸ்கட்டும் கொடுத்து முதல் சுற்றிலேயே அனுப்பிவிடுவார்கள்.

இப்போதைய பிள்ளைகளின் கியூபுக்குள் காந்தம் இருக்கிறது, தொட்டாலே போய்ச் சரியாக உட்காருகிறது. ஸ்டிக்கர் கிடையாது, பிளாஸ்டிக்கே நிறத்தோடு வருகிறது. ஃபார்முலா அவர்களும் படிக்கிறார்கள், என்னைவிட அதிகமாகவே. ஆனால் ஜெயிப்பது கண்ணால். கை ஒரு ஜோடியை இறக்கும்போதே கண் அடுத்த ஜோடியைப் பிடித்திருக்கும். சேர்க்கத் தொடங்குமுன் பார்த்துக்கொள்ளத் தரும் பதினைந்து செகண்டில் ஆறு நிறத்தையும் அலசி, எதில் தொடங்கினால் சுருக்கமோ அதில் தொடங்குவார்கள். நான் மட்டும் எப்போதும் வெள்ளை. வெள்ளையில் எனக்குச் சந்தேகம் வராது. கருப்பு ஒட்டிய பிறகாவது மாற்றியிருக்கலாம், பழைய பயம் விரலை விடவில்லை.

"ஏண்ணா எப்பவும் வெள்ளையே போடறீங்க? அது பழைய ஸ்டைல்ணா" என்று பதினொரு வயது இசைப்பிரியா போன போட்டியிலேயே கேட்டாள். அவளை எனக்குப் பிடிக்கும். அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. அவள் அப்பா கோபாலகிருஷ்ணன் எங்கள் செக்‌ஷன் இன்ஜினியர். என் பெயரைச் சிபாரிசு செய்தவரே அவர்தான்.

இப்போது அந்த இசைப்பிரியாதான் தன் கியூபை நீட்டிக்கொண்டு ஓடி வந்தாள். "என்னோடதை எடுத்துக்கோங்கண்ணா. நல்லா ஓடும்."

பின்னாலேயே அவள் அப்பா. "வாங்கிக்க தமிழ்மாறன். என்ன யோசனை?"

கயிறு கட்டிய அந்தப் பக்கத்திலிருந்து அப்துல் வஹீத் கத்தினான். "மாறா, வாங்குடா. என்னா பாத்துகினு நிக்கிற?" வஹீத் என் ஷிஃப்ட் கூட்டாளி. வார லீவைத் தூக்கிப் போட்டுவிட்டு நான் கியூப் திருப்புவதைப் பார்க்க வந்திருந்தான்.

தலைவலி என்று சொல்லிக் கிளம்பியிருக்கலாம். பயம் விடவில்லை, நல்ல கியூபை ஏன் வேண்டாம் என்கிறாய் என்று சார் கேட்பார், கேட்டால் பதில் வரும்வரை விடமாட்டார். ஆசையும் விடவில்லை, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. எல்லாவற்றுக்கும் மேல் திமிர். ஏழு வருஷமாக யாரும் கண்டுபிடிக்கவில்லையே, பதினைந்து செகண்டில் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

ஒரு கணக்கும் போட்டேன். மூலைத் துண்டில் மூன்று நிறம். இரண்டு தெரிந்தால், எந்த வரிசையில் சுற்றி வருகின்றன என்பதை வைத்து மூன்றாவதைச் சொல்லிவிடலாம். ஓரத் துண்டில் இரண்டே நிறம், அங்கே ஊகம்தான். ஊகம் தப்பினால் கடைசியில் எங்காவது இடிக்கும், அப்போது திருத்திக்கொள்ளலாம்.

இசைப்பிரியாவின் கியூபைக் கலைத்து மூடிவைத்திருந்த மூடியைக் கண்ணகி எடுத்தார். கியூபைப் பார்த்தேன். வெள்ளை எங்கே, மஞ்சள் எங்கே, பச்சை எங்கே, நீலம் எங்கே. மற்ற இரண்டும் ஒரே சாந்தாகக் குழைந்து கிடந்தன.

"எட்டு செகண்ட்."

உள்ளங்கை வேர்த்தது. பேன்ட்டில் துடைத்துக்கொண்டேன்.

"பன்னிரண்டு."

தொடங்கினேன். முதலில் வெள்ளைப் பக்கத்தில் சிலுவை, ஊகத்தோடு. முதல் ஜோடி போனது. இரண்டாவதில் ஓரத் துண்டு பச்சையோடு எதுவோ, இடது என்று முடிவு செய்தேன். போனது. மூன்று, நான்கு. இடிக்கவில்லை. மேல் அடுக்கு மஞ்சளானது. கடைசி ஃபார்முலாவை விரல்கள் தாமாகவே ஓட்டின. இப்போது இடிக்கும், இப்போது இடிக்கும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. இடிக்கவே இல்லை. ஆறு பக்கமும் சுத்தமாக இருந்தது. கியூபை வைத்து டைமரை அடித்தேன்.

12.86. வாழ்க்கையிலேயே என் நல்ல நேரம். இரண்டு கையையும் தூக்கி வஹீத் பக்கம் திரும்பிச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. பக்கத்து மேசைப் பிள்ளைகளும் கைதட்டவில்லை.

கண்ணகி கியூபைச் சுற்றிப் பார்த்தார். "இது சேரலைங்க."

நான் இன்னொரு தடவை எல்லாப் பக்கமும் பார்த்தேன். "எங்கங்க?" என்றேன்.

அந்த ஒரு வார்த்தையைக் கேட்டிருக்கவே கூடாது. சேராத கியூபைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே என்று எந்தக் குழந்தையும் கேட்காது.

"இங்கண்ணா," இசைப்பிரியா விரல் வைத்துக் காட்டினாள். "சிவப்புல ரெண்டு ஆரஞ்சு இருக்கு. ஆரஞ்சுல ரெண்டு சிவப்பு இருக்கு பாருங்க." அவள் தொட்ட இடத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டு பக்க ஊகமும் தப்பிப் போய், ஒரு தப்பை இன்னொரு தப்பு மூடிவிட்டிருக்கிறது. "ஆமா, ஆமா" என்றேன். ரொம்பத் தாமதமாகச் சொன்னேன்.

கோபாலகிருஷ்ணன் சார் மகள் கையிலிருந்து கியூபை வாங்கினார். என்னையும் வஹீத்தையும் ஜன்னல் ஓரமாகக் கூப்பிட்டார். கியூபை என் முன்னால் நீட்டினார்.

"இதுல ஆரஞ்சைத் தொட்டுக் காட்டு."

ஒன்றைத் தொட்டேன். சரியா தப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது என்பது மட்டும் அவர் முகத்தில் தெரிந்தது. புதன்கிழமை போய்விட்டது என்று தோன்றியது, வேறெதுவும் அப்போது தோன்றவில்லை, அதுதான் வெட்கம்.

சார் வஹீத்திடம் திரும்பினார். "பேனல் வேலையில ரெண்டு பேரும் ஒண்ணாதானே இருக்கீங்க. வயர் கலர் பாக்கறது யாரு?"

ஏழு வருஷத்தையும் வஹீத் ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பது அவன் முகத்தில் தெரிந்தது. தன் வலது கையைக் குனிந்து பார்த்தான்.

"நான்தான் சார்," என்றான். "எல்லாம் நான்தான் பாப்பேன். இவன் டூல்ஸ் எடுத்துக் குடுப்பான், அவ்ளோதான் சார்."

லீவு வாங்கக்கூடப் பொய் சொல்லத் தெரியாதவன் அவன். அவன் மனைவி சாஹிரா எனக்கும் சேர்த்து டிபன் பாக்ஸ் கட்டுகிறவள். விஷயம் அவனுக்குத் தெரிந்து அரை நிமிஷம்கூட ஆகவில்லை, அதற்குள் எனக்காகச் சொல்லிவிட்டான்.

சாரின் முகம் தளர்ந்தது. அவருக்கும் நம்பத்தான் ஆசை. "அப்படின்னா வேற வேலைக்கு மாத்திப் போட்டுக்கலாம், மெடிக்கலை அப்புறம் பாப்போம்" என்றார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். வேலை தப்பிவிடும்.

வியாழக்கிழமை நினைவுக்கு வந்தது. மழை, பேனல் முழுக்க ஈரமான நிலக்கரித் தூள். வஹீத் தலையை உள்ளே விட்டபடி கையைப் பின்னால் நீட்டி, "எர்த் எதுடா? பச்சை எது?" என்று கேட்டான். எர்த் பச்சை, கரண்ட் சிவப்பு. தூள் படிந்துவிட்டால் இரண்டும் எனக்கு ஒரே அழுக்கு. வழக்கம்போல இடமிருந்து எண்ணி, கடைசி வயரை அவன் கையில் வைத்தேன். அன்றைக்கு யாரும் வயரை இடம் மாற்றிப் போட்டிருக்கவில்லை. அவ்வளவுதான், வேறு காரணம் இல்லை அவன் இன்று இங்கே நிற்பதற்கு.

"இல்ல சார்," என்றேன். "கலர் நான்தான் சொல்லுவேன். அவன் பாக்காமதான் கைய வைப்பான்."

"டேய், சும்மா இரு" என்றான் வஹீத்.

"எத்தனை வருஷமா?" சார் குரல் இறங்கிவிட்டது.

"ஏழு வருஷமா சார். எடத்த வச்சு எண்ணிச் சொல்லுவேன்."

வஹீத் பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். சாரைப் பார்க்காமல் என்னிடம் மட்டும் கேட்டான். "டெஸ்டராச்சும் வச்சுப் பாத்துட்டுத்தானடா சொல்லுவ?"

ஆமாம் என்று சொன்னால் அவன் நம்பிவிடுவான்.

"எல்லா நாளும் இல்லடா" என்றேன்.