ஒரு சஹனும் இரண்டு சம்பந்திகளும்

சண்டை நடந்த காலம் முழுவதும் அத்தாஉல்லாவின் கால்களில் ஒரு கீறல்கூட விழவில்லை. தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லோரும் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டபோது, கைக்குழந்தையாக இருந்த மகள் சுல்பாவையும் சுமந்துகொண்டு புத்தளம் வந்து சேர்ந்த கால்கள் அவை. சமாதானம் வந்த பிறகுதான் ஒன்று உடைந்தது. சொந்தக் காணியைப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஊருக்குப் போனவர், புதர்ப் பற்றை மூடிக் கிடந்த தன் வீட்டுப் படியிலேயே இடறி விழுந்தார். இடது முழங்கால் சிரட்டை இரண்டாகப் பிளந்தது.

ஆஸ்பத்திரியில் கம்பி போட்டுக் கட்டினார்கள். கட்டு அவிழ்த்தபோது கால் மடங்க மறுத்தது. அதற்குள் சுல்பாவுக்குக் கலியாணம் பேசி முடிந்திருந்தது. மாப்பிள்ளை பெண் வீட்டோடு வந்து இருக்கப் போகிறவர். பெண்ணின் வாப்பா கல்லுப்போல இருக்கிறார், யாருக்கும் பாரமில்லை என்று வண்ணாத்திவில்லு ஊர்ச் சம்பந்தி ஜபாரிடம் தரகர் சொல்லி வைத்திருந்தார். நொண்டி மாமனைப் பராமரிக்கத்தான் தங்கள் மகனைக் கேட்கிறார்கள் என்று அவர்கள் நினைத்துவிட்டால் எல்லாம் கெட்டுப்போகும். தாயில்லாத பெண் வேறு. மனைவி கமறியா உயிரோடு இருந்திருந்தால் இதைச் சமாளிக்க ஒரு பொய்யாவது ஒழுங்காகச் சொல்லியிருப்பாள்.

நடையில் உள்ள நொண்டலை எப்படியாவது அவரால் மறைத்துவிட முடியும். சஹனில்தான் மறைக்க முடியாது. கலியாணச் சாப்பாட்டில் பெரிய தட்டு ஒன்றைச் சுற்றி ஆறு பேர் பாயில் சம்மணமிட்டு இருப்பார்கள். சம்பந்திகள் இருவரும் ஒரே சஹனில் இருக்க வேண்டும். கதிரையில் தனிச் சோற்றுக் கோப்பையோடு இருந்தால் ஊரே விசாரிக்கும்.

ஆகவே அவர் பிசியோதெரபி மிஸ் ஃபஹ்மியாவிடம் போனார். அவள் சூடு வைத்து, குதிக்காலைக் கட்டிலில் மெல்ல இழுத்து மடக்கச் சொன்னாள். மடக்கும்போதெல்லாம் அவர் சத்தமாகக் கலிமா சொன்னார். பக்கத்துக் கட்டில்காரர் பயந்து திரும்பிப் பார்த்தார். வாரம் போகப் போகக் கால் இறங்கி வந்தது.

"மாமா, இருக்கிறதுக்கு முதல்ல எழும்பப் பழகணும்," என்றாள் ஃபஹ்மியா. "நல்ல கால முன்னுக்கு வச்சு, எதையாவது புடிச்சுக்கொண்டு..."

"எழும்புறத நான் பாத்துக்கொள்றன் மகள். நீங்க என்ன இருக்க வைங்க, போதும்."

சம்மணம் சரிவந்த அன்றோடு அவர் போவதை நிறுத்திக்கொண்டார்.

கலியாணத்தன்று யாரோ ஒருவரின் தோளைப் பிடித்துக்கொண்டு ஜபாருக்குப் பக்கத்தில் இறங்கி, ராஜாவைப்போல் இருந்தார். சோறு முடிந்தது, இனிப்புக்கு வந்த வட்டிலப்பமும் முடிந்தது. மற்ற நால்வரும் எழும்பிப் போனார்கள். அத்தாஉல்லா முழங்காலிடம் மரியாதையாகக் கேட்டுப் பார்த்தார். அது அசையவில்லை. வழித்த சஹனில் இல்லாத சோற்றைத் தேடிப் பார்த்தார். ஜபாரும் தேடிக்கொண்டிருந்தார்.

"நானா, நீங்க மூத்தவர். முதல்ல எழும்புங்க," என்று அண்ணனை அழைப்பதுபோல் சொன்னார் அத்தாஉல்லா.

"பொண்ணுட வாப்பா இருக்க, நான் எழும்புறதா? சரிவராது."

இரண்டு சம்பந்திகளுக்கும் கதை முடியவில்லையே என்று பார்த்தவர்கள் பூரித்தார்கள். படம் எடுப்பவர் வந்து இரண்டு படம் எடுத்துப் போனார். அடுத்த பந்திக்குப் பாய் வேண்டும் என்று ஆட்கள் சுற்றி நின்றார்கள். கையில் நெய் காய்ந்துவிட்டது.

அத்தாஉல்லா குனிந்து மெதுவாகக் கேட்டார். "நானா, உங்களுக்கு எந்தக் கால்?"

ஜபார் சுற்றி நின்றவர்களை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வலது. தென்னந்தோட்டத்தில விழுந்தது. தரகர் சொல்லல்லயா?"

"கல்லுப்போல இருக்கிறீங்க எண்டார்."

"உங்களையும் அப்படித்தான் சொன்னார்."

பிறகு ஒருவர் தன் நல்ல வலது காலையும் மற்றவர் தன் நல்ல இடது காலையும் முன்னுக்கு வைத்து, தோளோடு தோள் பிடித்து, யா அல்லாஹ் என்று எழும்பினார்கள். சம்பந்திகள் கட்டித் தழுவுகிறார்கள் என்று சபை நினைத்தது. கலியாணத்துக்கு வந்து, பெண்கள் பக்கத் திரைக்குள்ளிருந்து பார்த்த ஃபஹ்மியா மட்டும் தலையில் கை வைத்தாள்.

"இத என்ட மகனுக்குச் சொல்லலாமா?" என்று கேட்டார் அத்தாஉல்லா. மருமகனை அவர் மகன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

ஜபார் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "சொல்லத்தான் வேணும். கிளினிக்குக்கு ரெண்டு பேரையும் ஒரே த்ரீவீலரில ஏத்திக்கொண்டு போறவன் அவன்தானே."