நான் வைத்தால் ஓடும்

எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு ஷெட் இருக்கிறது. அதற்குள் ஒருத்தி இருக்கிறாள். என் மகள் அவளுக்கு வைத்த பெயர் சின்னம்மா. நான் கூப்பிடுவது சக்களத்தி. என் வீட்டுக்காரர் மட்டும் 'மெஷின்' என்று மரியாதையாகச் சொல்வார்.

சம்பளம் வந்துகொண்டிருந்த ஃபிட்டர் வேலையை விட்டுவிட்டு, வருஷக்கணக்காக அந்த மனுஷன் அவளோடுதான் குடித்தனம் நடத்துகிறார். காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் அவளை ஒருமுறை எட்டிப் பார்த்தாக வேண்டும். சாப்பிடக் கூப்பிட்டால் "இதோ வந்துட்டேன்" என்று குரல் மட்டும் வரும், ஆள் வராது. தட்டில் போட்டது ஆறி அவலாகிவிடும்.

அவள் செய்ய வேண்டியது ஒரே ஒரு வேலை. மருந்து வாங்கினால் பெட்டிக்குள் ஒரு காகிதம் மடித்து வைத்திருக்குமே, நாம் படிக்காமல் தூக்கிப் போடுவோமே, அதை அடுக்கிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, மடித்து, பெட்டிக்கு ஒன்று என்று உள்ளே தள்ள வேண்டும். கேட்பதற்குச் சுலபம். ஆனால் அந்தத் தாள் வெங்காயச் சருகு மாதிரி மெல்லிசு. காற்றில் கொஞ்சம் ஈரம் இருந்தாலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒரு பெட்டிக்குள் இரண்டு தாள் போனாலும் தப்பு, ஒன்றுமே போகாவிட்டாலும் தப்பு. பெட்டியை ஒதுக்கிவிடுவார்கள். நான் வேலை பார்க்கும் மருந்துக் கம்பெனியில் இருக்கும் பெரிய மெஷினே இந்த ரெட்டைத் தாளுக்கு முன்னால் திணறும். அதனால் அதன் பக்கத்தில் தாளைப் பிரித்துக் கொடுக்க எப்போதும் ஒரு ஆள் நிற்க வேண்டும்.

அந்த ஆள் நான்தான். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே நிற்கிறேன். என் வலது கட்டைவிரலின் அடிமூட்டு வீங்கிக் கிடக்கிறது. துணி பிழிய முடியாது, சீப்பைப் பிடித்துத் தலை வார முடியாது. "கைக்குக் கொஞ்ச நாள் லீவு குடுங்கம்மா" என்றார் டாக்டர். கைக்கு மட்டும் லீவு தருகிற கம்பெனி எங்கே இருக்கிறது என்று அவரையே கேட்டிருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்றைக்குத்தான் இவர் சொன்னார். "உன் கை படாம ஓடுற மெஷின் ஒண்ணு நான் செஞ்சு காட்டறேன் பாரு. அது மட்டும் வித்துடுச்சுன்னா நீ பேப்பரையே தொட வேண்டாம்." அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் நான் இத்தனை காலம் பொறுத்துக்கொண்டேன். இல்லையென்றால் சக்களத்தியை என்றைக்கோ பழைய இரும்புக்குப் போட்டிருப்பேன்.

அவர் கண்டுபிடித்தது ஒரு ரப்பர் நாக்கு. மேலே இருக்கும் தாளை ஒரு உறிஞ்சுகுழல் தூக்கும். கூடவே ஒட்டிக்கொண்டு கிளம்பும் இரண்டாவது தாளை இந்த நாக்கு கீழேயே அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். எத்தனை நாக்கு வெட்டினார் என்கிறீர்கள்! தடித்த நாக்கு, மெல்லிய நாக்கு, பல் வைத்த நாக்கு. "ஊர்ல இருக்கிற நாக்கு பத்தலைன்னு அப்பா வேற செய்யறாரு" என்பாள் என் மகள். ஒன்றும் சரிவரவில்லை.

ஒருநாள் சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். இவர் இரண்டு கையிலும் கிரீஸோடு நின்றார். "இந்தா, அந்தத் தாள் கட்டை எடுத்து வை" என்றார். வைத்தேன். சக்களத்தி ஓடினாள். பெட்டிக்கு ஒரு தாள், பெட்டிக்கு ஒரு தாள் என்று திக்கல் திணறல் இல்லாமல் கட்டு முழுவதும் ஓடி முடித்தாள். இவர் என்னைப் பிடித்துக் குலுக்கியதில் என் புடவையெல்லாம் கிரீஸ். மறுநாள் அவரே வைத்தார், சிக்கியது. மகள் வைத்தாள், சிக்கியது. நான் வைத்தேன், ஓடியது.

"எல்லாம் உன் கைராசி" என்றார்.

நட்டு போல்ட்டைத் தவிர வேறு எதையும் நம்பாத மனுஷன், இதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அதற்கப்புறம் நாக்கை மாற்றினாலும் சரி, ஒரு ஸ்க்ரூவைத் திருகினாலும் சரி, ஓட்டிப் பார்க்க நான்தான் தாள் வைக்க வேண்டும். பகல் முழுக்க அங்கே வைத்துவிட்டு வந்து, கால் இரண்டும் கழன்று விழுகிற மாதிரி இருக்கும்போது இங்கேயும் வைப்பேன். அலுப்பாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளுக்குள் ஒரு பெருமையும் இருந்தது, எதற்குப் பொய் சொல்ல வேண்டும்? வீட்டில் வேறு யார் என் கையைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார்கள்?

கடைசியில் ஒரு முதலாளி மெஷினைப் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார். மருந்துகளைப் பெட்டியில் போட்டுத் தரும் சின்னக் கம்பெனி வைத்திருப்பவர். நான் லீவு போட்டேன். மகளும் வேலைக்குக் கொஞ்சம் தாமதமாகப் போவதாகச் சொல்லி நின்றுகொண்டாள். இவர் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டார். கல்யாணத்துக்கே அவ்வளவு தூரம் மெனக்கெட்டாரா என்று தெரியவில்லை.

முதலாளி வாட்டசாட்டமான ஆள், சிரித்த முகம். கூட வந்த இன்ஜினியர் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, ஒன்றும் பேசாமல் சக்களத்தியைச் சுற்றிச் சுற்றி வந்தார். முந்தின நாள் மழை பெய்திருந்தது. ஷெட்டுக்குள் சுவரெல்லாம் நசநசவென்று இருந்தது.

வழக்கப்படி நான்தான் வைத்தேன். சக்களத்தி ராணி மாதிரி ஓடினாள். "பேஷ்!" என்றார் முதலாளி. இவர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கே வெட்கமாகிவிட்டது.

"அடுத்த கட்டு நான் வச்சுப் பாக்கறேன்" என்றார் இன்ஜினியர்.

பொட்டலத்தைப் பிரித்து, அப்படியே எடுத்து வைத்தார். முதல் பெட்டிக்குள் இரண்டு தாள் போனது. அடுத்து மூன்று தாள் சேர்ந்து கிளம்பி உருளையில் சுருண்டு, சக்களத்தி கரகரவென்று நின்றுவிட்டாள். இவர் ஓடிப்போய் கசங்கிய தாளைப் பிடுங்கிவிட்டு நாக்கைக் கொஞ்சம் இறக்கினார். "இப்ப வைங்க சார்." மறுபடியும் சிக்கியது. இவர் நெற்றியெல்லாம் வியர்வை.

"அவ வைக்கட்டும் சார். அவளுக்குக் கைராசி."

முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். நான் வைத்தேன். ஓடியது. முதலாளியின் சிரிப்பு நின்றது. இன்ஜினியர் மட்டும் மெஷினைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, இப்ப என்ன பண்ணீங்க?"

"தாள் வச்சேன்."

"அதுக்கு முன்னாடி?"

"ஒண்ணும் பண்ணலையே."

"இன்னொரு கட்டு எடுங்க. எப்பவும் போல வைங்க."

எடுத்தேன். அப்போதுதான் என் கை என்ன செய்கிறது என்று நானே பார்த்தேன். கட்டை இரண்டு கையாலும் வளைத்தது. வலது கட்டைவிரலை ஓரத்தில் அழுத்தி, சரசரவென்று ஒவ்வொரு தாளாக உதிர்த்தது. மறுபக்கம் திருப்பி அதையே செய்தது. வாய் தானாகக் குவிந்து ஓரத்தில் ஒரு ஊது ஊதியது. மேஜையில் இரண்டு தட்டுத் தட்டி ஓரத்தைச் சமமாக்கிக்கொண்டு போய் வைத்தது. இத்தனையும் மூக்கைச் சொறிகிற நேரத்துக்குள். வேலை இடத்தில் பகலெல்லாம் செய்து செய்து, என் கை என்னைக் கேட்காமலே செய்யப் பழகியிருந்தது.

"தாளைப் பிரிச்சு காத்து விட்டுத்தான் வைக்கறாங்க" என்றார் இன்ஜினியர். "நாக்கு ஒரு வேலையும் செய்யலை. எல்லாம் அவங்க விரல் செய்யுது." கிண்டலாகச் சொல்லவில்லை, பாவம். துக்க வீட்டில் பேசுகிற மாதிரி மெதுவாகத்தான் சொன்னார்.

என் வீட்டுக்காரர் நாக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். என் கை படாமல் ஓட வேண்டும் என்று செய்த மெஷின், இத்தனை காலமும் என் கையால்தான் ஓடியிருக்கிறது. வீங்கிய விரலுக்கு விடுதலை என்று சொல்லிச் சொல்லியே, வீட்டுக்கு வந்த பிறகும் அந்த விரலை இன்னொரு ஷிப்ட் பார்க்க வைத்திருக்கிறோம். இவரும் மடையர், நானும் மடச்சி. கைராசியாம் கைராசி!

முதலாளிதான் பேச்சை எடுத்தார். "அட, இதுக்கு எதுக்கு மூஞ்சியைத் தொங்கப் போடறீங்க? மெஷின் வேகமா ஓடுது, மடிப்பு சுத்தமா விழுது. நான் எடுத்துக்கறேன். அம்மாவும் எங்ககிட்ட வேலைக்கு வந்துடட்டும். இப்ப வாங்கறதை விடக் கூடவே தரேன். என்ன சொல்றீங்க?"

இவர் தலை நிமிர்ந்தது. முகத்தில் பளிச்சென்று வெளிச்சம் வந்தது.

"வருவா சார்" என்றார்.

என் பக்கம் திரும்பக்கூட இல்லை. பக்கத்து வீட்டுக்கு ஏணியை இரவல் தருகிறவர்கூட அது எங்கே சாய்த்து வைத்திருக்கிறது என்று ஒரு தரம் பார்ப்பார்.

எனக்கு எங்கிருந்து வந்ததென்று தெரியாது, அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. பொட்டலத்திலிருந்து ஒரு கட்டை எடுத்தேன். கட்டைவிரல் ஓரத்தைத் தேடிக்கொண்டு போனது. அதை இழுத்துப் பிடித்து உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டேன். கட்டை அப்படியே சொத்தென்று வைத்துப் பொத்தானை அழுத்தினேன். கரகரவென்று சிக்கியது. சிக்கியதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு இன்னொரு கட்டை வைத்தேன். அதுவும் சிக்கியது.

"அம்மா!" என்று மகள் என் தோளைத் தொட்டாள்.

"என்னம்மா, என்ன ஆச்சு?" என்றார் முதலாளி.

"கை வலிக்குது சார். நான் வந்தாலும் இனிமே இப்படித்தான் வைப்பேன்."

முதலாளி என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். "சரி, குடும்பத்துல பேசிக்குங்க. மெஷினைச் சரி பண்ணிட்டுக் கூப்பிடுங்க" என்று வாசலைப் பார்த்து நடந்தார். அப்படிச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் திரும்ப வருவதில்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். இன்ஜினியர் மட்டும் போகும்போது என்னிடம், "விரலைக் காட்டி நல்ல வைத்தியம் பாத்துக்குங்க" என்று சொன்னார்.

"கொஞ்சம் பொறுத்துப் போயிருக்கலாம்மா. அப்பா முகத்தைப் பாத்தியா?" என்றாள் மகள். பார்த்தேனே, அதைத்தானே இத்தனை வருஷமாகப் பார்க்கிறேன் என்று கத்த வாயெடுத்தேன். "நீ வேலைக்குக் கிளம்பு" என்று மட்டும் சொன்னேன். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

இவர் இஸ்திரி போட்ட சட்டையோடு தரையில் உட்கார்ந்து, உருளைக்குள் சிக்கியிருந்த தாளைத் துண்டு துண்டாக உருவிக்கொண்டிருந்தார். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். உடம்பில் ஒரு சொட்டுத் தெம்பு இல்லை. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் பதிலுக்குச் சொல்ல என்னிடம் நிறைய இருந்தது, வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். அவர் திட்டவில்லை. கடைசித் துண்டையும் எடுத்துவிட்டு நாக்கைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"உன்னை ஒரு வார்த்தை கேக்காம, வருவான்னு சொல்லிட்டேன்" என்றார்.

அடுக்கி வைத்திருந்ததெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

"கேட்டிருந்தா, வரேன்னுதாங்க சொல்லியிருப்பேன்" என்றேன்.