கதவில் ஒட்டிய பெயர்

ஏழு மணிச் செய்திக்கு இன்னும் பதினோரு நிமிடம் இருந்தபோது அந்தப் புகைப்படம் ருமியானாவின் கைபேசிக்கு வந்து சேர்ந்தது. பச்சை வண்ணம் உரிந்துபோன மரக்கதவு. நடுவில், சாவு நடந்த வீட்டில் ஒட்டுகிற அஞ்சலி நோட்டீஸ். குருத்தோலை ஞாயிறு என்பதால் ஊரில் எல்லார் வீட்டு வாசலிலும் தொங்குவதுபோல இங்கேயும் வில்லோ மரக்கிளை வளையம் ஒன்று தொங்கி, நோட்டீஸின் கீழ்ப்பாதியை மறைத்திருந்தது. மேல்பாதியில் சிலுவை, அதன் கீழே கொட்டை எழுத்தில் பெயர்: ஸ்வெதான் இலியேவ் ஸ்வெதானொவ்.

"கதவுல ஒட்டியாச்சு ருமி. நீ கேட்டது கெடைச்சிடுச்சு, இனிமே என்னை விடு" என்றான் டான்ச்சோ, மறுமுனையில் மூச்சிரைக்க. வடமேற்கில் செர்னி பிரெக் சுரங்கத்துக்கு அனுப்ப வேறு ஆள் கிடைக்காமல், விளையாட்டுச் செய்தியாளனான அவனை மதியமே காரில் ஏற்றி அனுப்பியிருந்தாள். சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கும் பம்பைக் காவல் காக்க ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே ஒரு ஆள்தான் இறங்குவான். கூரை சரிந்தது. ஐந்து மணிக்கு ஓர் உடலை மேலே கொண்டுவந்தார்கள். முகத்தைப் பார்த்து யார் என்று சொல்லும் நிலையில் இல்லை. வருகைப் பட்டியலில் இருந்த பெயர் ஸ்வெதான்.

பட்டியல் ருமியானாவுக்குப் போதாது. தலைநகர் சோஃபியாவில் இந்தத் தொலைக்காட்சிக்கு வந்து இருபத்திரண்டு வருடம். ஒளிநாடாக்களைச் சுமந்து படியேறியவள் இன்று மாலைச் செய்தியின் தயாரிப்பாளர். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், கணவன் பேருந்து விபத்தில் இறந்ததை ஒரு பெண் இவர்கள் செய்தியில்தான் முதலில் கேட்டாள். அன்றைக்கு அலுவலகத் தொலைபேசியை எடுத்தவள் ருமியானா. அதிலிருந்து அவளுக்கு ஒரே சட்டம். கதவில் நோட்டீஸ் ஒட்டும்வரை பெயர் கிடையாது. கதவில் ஒட்டிவிட்டால் வீட்டுக்குத் தெரிந்துவிட்டது என்று அர்த்தம். காவல்துறை சொன்னாலும் மேயர் சொன்னாலும் அவளுக்குக் கதவு சொல்ல வேண்டும்.

"போட்டிக்காரன் ஏழே காலுக்குப் பேரைச் சொல்லப்போறான். உன் கதவு என்ன சொல்லுது?" என்று பின்னால் வந்து நின்றார் போழிதார், செய்தி இயக்குநர். மூன்று மாதமாக மாலைச் செய்திக்குப் பார்வையாளர்கள் குறைந்துகொண்டே வருவது இருவருக்கும் தெரியும்.

அவள் படத்தைப் பெரிதாக்கினாள். தாள் மஞ்சளாக இருந்தது. ஓரங்கள் சுருண்டிருந்தன. புகைப்படம் இருக்க வேண்டிய இடத்தில் தலைமுடியின் கோடு மட்டும் தெரிந்தது, முகம் வெளுத்துப் போயிருந்தது. மாலை வெயில் அடிக்கிறது, அதனால் மஞ்சள், என்று மனத்துக்குள் ஒரு குரல் சொன்னது. அது தன் குரல்தான் என்பதும் அவளுக்குத் தெரியும். இரண்டு மணி நேரத்துக்கு முன்பு அச்சடித்த தாள் எப்படிச் சுருளும் என்று கேட்க இன்னொரு குரல் வாயெடுத்தது. அதற்கு நேரம் கொடுக்கவில்லை.

"போடலாம்" என்றாள்.

ஏழு நான்குக்குச் செய்தி வாசிக்கும் மிலேனா பெயரை வாசித்தாள். ஏழு ஒன்பதுக்கு வரவேற்பறையிலிருந்து ஒரு அழைப்பைக் கன்ட்ரோல் ரூமுக்கு மாற்றினார்கள்.

"அம்மா, நான் ஸ்வெதான் பேசறேன். இலியாவோட மகன். செத்துட்டேன்னு உங்க பொண்ணு படிச்சாளாம், மச்சான் சொல்றான். எனக்கு அப்படி ஒண்ணும் தெரியலையே?"

ருமியானா புகைப்படத்தை மறுபடி திறந்தாள். "கதவுல நோட்டீஸ்..."

"அது எங்க தாத்தா. அதே பேரு. ஆறு மாசத் திதிக்கு ஒட்டினது, எடுக்கவே இல்லை. காலைல என் பொண்டாட்டி அது மேலயே வளையத்தை மாட்டிட்டா. இன்னிக்குப் பூப் பேரு வெச்சவங்க எல்லாருக்கும் பேர்த் திருநாள், என் பேருக்கும் உள்ள நாளாச்சே, மாமியார் ஊர்ல விருந்து. மலைக்குப் பின்னாடி சிக்னல் கெடையாது, இப்பதான் ரோட்டுக்கு வந்தேன்." குரல் மாறியது. "எங்க அம்மா வெளிநாட்டுல, போலோனால வீட்டு வேலைக்கு இருக்கா. தினம் உங்க செய்திதான் பார்ப்பா, போன்ல. அவளுக்கு மூணு தடவை அடிச்சுட்டேன், எடுக்க மாட்டேங்கறா. மாத்திச் சொல்லுங்கம்மா. இப்பவே சொல்லுங்க."

"சொல்றேன். ஆனா பட்டியல்ல உங்க பேரு இருந்ததே?"

"நான் இன்னிக்கு இறங்கல. எனக்குப் பதிலா, கூட வேலை பார்க்கிற பிளாமென் போ..."

வார்த்தை பாதியில் நின்றது. அவன் இப்போதுதான் அதைக் கேட்கிறான், தன் வாயிலிருந்தே. ஒரு லாரி அவனைக் கடந்து போகும் சத்தம் வந்தது. பிறகு, "ஐயோ" என்றான், மிகச் சன்னமாக.

"அவர் வீட்டுக்குத் தெரியுமா?"

"தெரியாது. ஞாயித்துக்கிழமை இறங்கினா அவன் பொண்டாட்டி ஸ்டான்கா சண்டை போடுவா. ஆத்துக்கு மீன் பிடிக்கப் போறேன்னு சொல்லிட்டுத்தான் போனான்."

போழிதாரிடம் நான்கு வாக்கியத்தில் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இணையதளத்துல பேரை எடுத்துடு. செய்தில வேண்டாம். நாளைக்குப் பார்த்துக்கலாம்."

"அவனோட அம்மா இப்ப அழுதுகிட்டிருக்கா."

"நேரலையில தப்பை ஒத்துக்கிட்டா நாளைக்கு உனக்குக் காலைச் சமையல் நிகழ்ச்சிதான், ருமியானா. என்னால காப்பாத்த முடியாது."

"வெங்காயம் நறுக்கத் தெரியும் எனக்கு."

சொல்லிவிட்டாளே தவிர, மிலேனாவின் காதுக்குப் பேசும் பொத்தானில் வைத்த விரல் இறங்கவில்லை. காரணம் போழிதார் இல்லை. ஸ்வெதான் உயிரோடு இருக்கிறான் என்று சொன்ன அந்த நொடியே ஊர் முழுவதும் அடுத்த கேள்வியைக் கேட்கும். அப்படியென்றால் கீழே இருந்தது யார்? பட்டியலில் ஸ்வெதான், அவனுக்குப் பதிலாக இறங்கக்கூடியவன் ஒருவன்தான் என்பது ஊருக்கே தெரியும். எப்படிச் சுற்றி எழுதினாலும் போலோனாவில் ஒரு பெண்ணுக்கு மகனைத் திருப்பிக் கொடுக்கிற வாக்கியம், செர்னி பிரெக்கில் இன்னொரு பெண்ணிடமிருந்து கணவனை எடுத்துக்கொண்டுவிடும்.

டான்ச்சோவை அழைத்தாள். வளையத்தைத் தூக்கிப் பார்க்காததற்கு அவனைத் திட்டவில்லை. தானும் தூக்கிப் பார்க்கச் சொல்லவில்லையே.

"கீழ செத்தது பிளாமென். அவன் பொண்டாட்டி ஸ்டான்கா வீட்டுக்குப் போ. மேயரைக் கூட்டிட்டுப் போ."

"மேயர் சுரங்கத்துல இருக்கார், வர இருபது நிமிஷம் ஆகும். வீடு ரெண்டு தெரு தள்ளின்னு இங்க சொல்றாங்க."

"அப்ப நீ போ."

"ருமி, நான் பந்து எத்தனை தடவை வலைக்குள்ள போச்சுன்னு சொல்றவன். என்னால இது ஆகாது."

"யாராலயும் ஆகாது. ஓடு. போனைக் கட் பண்ணாத."

அவன் ஓடினான். காலடிச் சத்தமும் இருமலும் எங்கோ ஒரு நாயின் குரைப்பும் காதில் விழுந்துகொண்டிருந்தன. திரையில் வெள்ளிக்கிழமைக் கால்பந்தாட்டத்தின் தொகுப்பு ஓடியது. அதை முழுதாக ஓட விடச் சொன்னாள். ஒவ்வொரு நிமிடமும் போலோனாவிலிருக்கும் அந்த அம்மாவின் கணக்கில் அவள் திருடுகிற நிமிடம். ஒன்று. இரண்டு. இந்தத் தொழிலில் இத்தனை வருடமும் நேரத்தை முந்தத்தான் ஓடியிருக்கிறாள். யாருக்காகவும் நின்றது இதுவே முதல் தடவை என்று தோன்றியபோது, அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை என்பதும் தோன்றியது.

"அக்கா, என்ன நடக்குது? அடுத்து எதைப் படிக்கறது?" என்று மிலேனாவின் குரல் கண்ணாடிக்கு அப்பாலிருந்த அரங்கிலிருந்து வந்தது.

"நான் சொல்றதை அப்படியே சொல்லு. மன்னிப்பை முதல்ல சொல்லு. சுத்தி வளைக்காத. நான் விரலைத் தூக்கினதும் ஆரம்பி."

தொலைபேசியில் டான்ச்சோ நின்றுவிட்டான். கதவைத் தட்டினான். உள்ளே தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அவர்களுடைய அலைவரிசைதான். இங்கே அரங்கில் பார்த்து முடித்த கோலுக்கு அங்கே இப்போதுதான் மைதானம் எழுந்து கத்தியது. படம் வானத்துக்கு ஏறி இறங்கி அந்த வீட்டுக்குப் போய்ச் சேர இருபது நொடி.

தாழ்ப்பாள் விலகியது. ருமியானா விரலைத் தூக்கினாள்.

"யாருங்க? சுரங்கத்துலேர்ந்தா?" ஒரு பெண்ணின் குரல், அழுது கரகரத்த குரல். "ஸ்வெதான் வீட்டுக்குத்தான் கிளம்பிட்டிருக்கேன். பாவம், பேருக்கு உள்ள நாளும் அதுவுமா... இந்த மனுஷன் வேற ஆத்துலேர்ந்து இன்னும் வரல, இல்லைன்னா சேர்ந்தே போயிருக்கலாம். உள்ள வாங்க."

"ஸ்டான்கா," என்றான் டான்ச்சோ. "டிவியை நிறுத்துங்க. மொதல்ல அதை நிறுத்துங்க."

"ஏன்?"

அரங்கில் மிலேனா நேராகக் கேமராவைப் பார்த்து, மன்னிப்புக் கேட்டு, ஸ்வெதான் இலியேவ் ஸ்வெதானொவ் உயிரோடு இருக்கிறார் என்று சொல்லி முடித்திருந்தாள். தொலைபேசியில் இன்னும் மைதானம் ஆரவாரித்துக்கொண்டிருந்தது.