சேர்ந்து எடுத்த பாட்டு

மருத்துவர் மமதா நல்லவர். நல்லவராக இருந்ததால்தான் அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்துவிட்டது. வஞ்சகராக இருந்திருந்தால் எண்ணிப் பேசியிருப்பார்.

ஆய்வு நிலையத்தின் மூன்றாம் மாடியில், சாமிநாதனும் அவர் மனைவி எல்லம்மாவும் மருத்துவரின் எதிரே அமர்ந்திருந்தனர். முதுமையில் மனித மூளை எவ்வாறு மாறுகிறது என்று ஆண்டுக்கொருமுறை அளந்து பார்க்கும் ஆய்வு அது. லிங்கராஜபுரத்திலிருந்து அதற்கு இசைந்து கையெழுத்திட்ட முப்பத்தேழு பேரில் முதற்கையெழுத்து சாமிநாதனுடையது. காலையில் சோதனை நடந்தபோதுகூட அவர் அறையையே சிரிக்க வைத்திருந்தார். கடிகாரம் வரைந்து பதினொன்று பத்து காட்டும்படி கேட்டதற்கு, “எந்தக் கடிகாரம்மா? எங்க பஸ் ஸ்டாண்டுக் கடிகாரமா? அது நான் வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து ஒரே மணிதான் காட்டுது” என்றார். சிரித்துக்கொண்டே முட்கள் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்து கொடுத்தார்.

“சார், ஸ்வல்ப கவனமா கேளுங்க” என்றார் மமதா. கன்னடம் கலந்த அவர் தமிழ் மெதுவாகவே நடக்கும். “போன வருஷத்தைவிட இந்த வருஷம் மார்க் கம்மி. மறதி நோயோட ஆரம்பமா இருக்கலாம், வேற காரணமாவும் இருக்கலாம். ஸ்கேன் எடுத்தாத்தான் சொல்ல முடியும். ஆனா ஒண்ணு, உங்க பாட்டுக் குழு ரொம்ப ஒள்ளே குழு, நல்ல குழு. உங்களுக்குப் பாட்டு விட்டுப்போகுதுன்னு தெரிஞ்சதும், எல்லாரும் சேர்ந்தே ஆரம்பிக்கிற மாதிரி மாத்திட்டாங்களாமே! நாகேஷ் சார் போன வருஷமே சொன்னாரு. இந்த மாதிரி சப்போர்ட் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?”

அருகில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த டீனாவின் பேனா நின்றது. வீடு வீடாகச் சென்று ஆய்வுக்கு ஆள் சேர்ப்பவள் அவள், லிங்கராஜபுரத்துப் பெண். ஒருவரைப்பற்றி அவரை நன்கறிந்த மற்றொருவர் சொல்லும் பதில்களை அவரிடமே சொல்லலாகாது என்பது அவளுக்குப் பயிற்சியின் முதல் நாளே கற்பித்த பாடம்.

சாமிநாதன் மருத்துவரைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்தார். எல்லம்மா தன் கைப்பையின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வியக்கவில்லை. வியப்பில்லாத அந்த முகமே அவருக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

“போன வருஷமே உங்களைக் கூப்பிட்டோம் சார்” என்று மமதா தொடர்ந்தார். “லெட்டர் போட்டோம், மூணு தடவை போனும் பண்ணோம். கும்பாபிஷேகம் முடியட்டும், அப்புறம் வர்றேன்னு நீங்க சொன்னதா எழுதியிருக்கு.”

“நான் சொன்னேனா?” என்றார் சாமிநாதன். பிறகு, அவருக்கே கேட்காத குரலில், “சரி” என்றார்.

அவர் என்ன இழந்தார் என்று புரிய வேண்டுமானால் அந்தக் குழுவின் வழக்கம் தெரிந்திருக்க வேண்டும். அவரைத் தவிரப் பதினெட்டுப் பேர். வண்ணம் பூசுகிறவர், பூக்கட்டுகிறவர், பேருந்து ஓட்டி ஓய்ந்தவர், வீட்டுவேலை செய்யும் பெண்கள். வெள்ளிக்கிழமை மாலைதோறும் முருகன் கோவிலை ஒட்டிய கூடத்தில் அமர்ந்து பழம்பதிகங்களை ஓதுவார்கள். ஒருவர் கையிலும் ஏடு இராது. நகரத்துத் தமிழ்க் கோவில்களில் அவர்களுக்கு இருந்த பெயரெல்லாம் அதனால் வந்ததுதான். அழைப்பிதழ்களில் ‘ஏடு பாராமல் ஓதும் அடியார் குழு’ என்றே அச்சிடுவார்கள். ஒவ்வொரு பாட்டின் முதலடியையும் தலைவர் தனியே எடுப்பார். அந்த அடி முடிந்து மூச்சு வாங்கும் இடத்தில் மற்றவர்கள் சேர்வார்கள். இருபத்தாறு ஆண்டுகள் அவ்வாறு எடுத்தவர் சாமிநாதன். தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை. இரவுப் பணிக்கும் பகற்பணிக்கும் இடையில் ஒவ்வொரு பாட்டாக நெஞ்சில் ஏற்றியவர். இயந்திர இரைச்சலில் பாடிப் பழகியதால் அவர் குரலுக்கு ஒலிபெருக்கி வேண்டியிருந்ததில்லை.

இரண்டாண்டுகளுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை நாகேஷ் எழுந்து ஒரு யோசனை சொன்னான். நாகேஷ் மின்சாமான் கடைக்காரன்; சாமிநாதனிடம் முதலெழுத்திலிருந்து பாட்டுக் கற்றவன்; ஓதும்போது அவர் வலப்பக்கத்தில் அமர்கிறவன். “அண்ணே, இனிமே தனியா ஒருத்தர் எடுக்க வேணாம். எல்லாரும் சேர்ந்தே எடுப்போம். சாமி முன்னால பெரியவன் சின்னவன்னு என்ன இருக்கு?”

சாமிநாதன் அன்று கண்கலங்கிப்போனார். ‘நான்’ என்பது கரைய வேண்டும் என்று கால்நூற்றாண்டு தாம் சொல்லிவந்தது ஒருவனிடமாவது விளைந்ததே என்று பூரித்தார். எழுந்து நின்று, பணிவு என்றால் என்ன என்று கால் மணி நேரம் பேசி, நாகேஷின் தோளில் தம் துண்டையே போர்த்தினார். பதினெட்டுப் பேரும் கைதட்டினார்கள்.

பதினெட்டுப் பேரும் அறிந்துதான் கைதட்டியிருக்கிறார்கள்.

பேருந்தில் வரும்போது அது அவருக்கு உறைத்தது. நாகேஷ் தம் காதோரம் சாய்ந்து அரை மாத்திரை முந்தி முதற்சொல்லைத் தொடுவதும், அதைப் பிடித்துக்கொண்டு தாம் மேலேறுவதும் நினைவுக்கு வந்தன. அதை அவர் பக்தியின் நெருக்கம் என்று எண்ணியிருந்தார். பக்கத்தில் எல்லம்மா இருந்தாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டார். “அந்த லெட்டர் எங்கே?”

அவள் ரேஷன் கார்டு உறையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். பதினான்கு மாதம் பழையது. ‘மேற்கொண்டு பரிசோதனைக்கு விரைவில் வரவும்’ என்று தமிழிலும் கன்னடத்திலும் இருந்தது.

“யாரு மறைக்கச் சொன்னது?”

“நாகேஷ் தம்பி வந்துச்சுங்க. அஞ்சு கோயில் கும்பாபிஷேகத்துல பாட ஒப்புக்கிட்டாச்சு அக்கா, நோட்டீஸ்ல அண்ணன் பேரு போட்டாச்சு, இப்ப வெளிய தெரிஞ்சா குழுவே கலைஞ்சிடும்னு சொல்லுச்சு. நானும் பயந்தேன். பாட்டு இல்லன்னா நீங்க என்ன ஆவீங்கன்னு...”

“என்ன ஆவேன்னு என்னைக் கேட்டியா?”

அவள் ரேஷன் கார்டு உறையை மடித்து அலமாரிக்குள் வைத்தாள்.

“அந்தக் கூட்டத்துல நீயும்தானே முன்வரிசையில உக்காந்திருந்தே?”

எந்தக் கூட்டம் என்று அவள் கேட்கவில்லை. டீனாவின் நிலையத்தார் அதே கூடத்தில் மூளை நலம் பற்றி விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தியபோது, ஊசியோ என்னவோ என்று அஞ்சி நின்றவர்களிடம் எழுந்து பேசியவர் சாமிநாதன்தான். “சர்க்கரை வந்தா சொல்றோம், பிரஷர் வந்தா சொல்றோம். மறதி வந்தா மட்டும் எதுக்கு ஒளிக்கணும்? மறக்கிறது பாவமில்ல, மறைக்கிறதுதான் பாவம்” என்று முழங்கினார். அவர் முன்னால் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நாகேஷ். அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் முப்பத்தாறு பேர் பின்னால் கையெழுத்திட்டார்கள்.

உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சம்மணமிட்டு அமர்ந்து, தமக்கு மிக உகந்த பதிகத்தைத் தனியே எடுத்தார். முதற்பாட்டு அருவிபோல் இறங்கியது. இரண்டாம் பாட்டும் வந்தது. மூன்றாம் பாட்டில், இறைவனின் சடையில் புனல் வந்து தங்கும் இடத்தில், நாக்கு வெறும் வாயைத் துழாவியது. வலப்பக்கம் தலை தானே சாய்ந்தது. அங்கே சுவர் இருந்தது.

மீண்டும் முதலிலிருந்து எடுத்தார். மீண்டும் அதே இடம். மூன்றாம் முறை எந்த இடத்தில் நின்றார் என்பதே அவருக்குத் தெரியவில்லை. தம்மிடம் எஞ்சியது எவ்வளவு? இனி அதை யாரிடம் கேட்பது? சொல்லக்கூடியவர்கள் இரண்டு ஆண்டுகளாகச் சொல்லாதவர்கள் அல்லவா? நோய் அவரை அவ்வளவு அச்சுறுத்தவில்லை. தம் நெஞ்சுக்குள் என்ன இருக்கிறது என்பது தம்மைத் தவிர எல்லோருக்கும் தெரியும் என்பதுதான் அவரை எரித்தது.

வெள்ளிக்கிழமை மாலை டீனாவைக் கூடத்துக்கு வரச் சொன்னார். அவள் வாசலிலேயே அவரை மறித்துப் பேசினாள்.

“அங்கிள், இது ரூல்ஸ்படி முடியாது. ஒருத்தர் உங்களைப்பத்திச் சொன்னதை உங்ககிட்டப் படிச்சுக் காட்டக் கூடாது. டாக்டர் மேடம் சொல்லிட்டதே தப்பு. அன்னிக்கு ராத்திரி அவங்க தூங்கியிருக்க மாட்டாங்க.”

“நீ எதையும் படிக்க வேணாம்மா. கேள்வியை மட்டும் கேளு. பதிலை அவன் என் எதிரே சொல்லட்டும்.”

“அப்ப நான் எதையும் எழுத மாட்டேன்.”

“எழுதாதே. எனக்குக் காது இருக்கு.”

உள்ளே பேச்சும் சிரிப்புமாக இருந்தது. “என்ன அண்ணே, இன்னிக்கு அடியார் கூட்டத்துல சர்ச்சுப் பொண்ணு? அல்லேலூயாவையும் சேத்து ஓதிடலாமா?” என்றான் பேருந்து ஓட்டி ஓய்ந்த பரத். சிலர் சிரித்தார்கள். சாமிநாதன் தம் இடத்தில் அமராமல், நாகேஷுக்கு நேரெதிரே தரையில் அமர்ந்தார். சிரிப்பு அடங்கியது.

“நாகேஷு, இந்தப் பொண்ணு போன வருஷம் என்னைப்பத்தி உன்கிட்டச் சில கேள்வி கேட்டுச்சு. இன்னிக்கு மறுபடியும் கேக்கும். என் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லு.”

நாகேஷின் கண் எல்லம்மாவைத் தேடியது. அவள் பெண்கள் வரிசையின் கடைசியில் இருந்தாள்.

டீனா தாளை விரித்தாள். “போன வாரம் பேசின பேச்சு அவருக்கு ஞாபகம் இருக்கா? முன்னைவிட மோசமா, முன்ன மாதிரியேவா?”

“முன்ன மாதிரியேதான்.”

“சொன்னதையே திரும்பச் சொல்றாரா?”

“இல்ல. அப்படியெல்லாம் இல்ல.”

“நல்லாப் பழகின ஒண்ணைச் செய்யும்போது நடுவுல நின்னு போறாரா?”

“அண்ணனுக்கு ஒண்ணும் இல்லம்மா. நல்லாத்தான் இருக்காரு. நூறு வயசு வரைக்கும் பாட்டு எடுப்பாரு.”

சாமிநாதன் அசையாமல் இருந்தார். “ஏண்டா, காகிதத்துக்கு ஒரு வாய், எனக்கு ஒரு வாயா? கண்ணால பார்த்து நாலு வார்த்தை பேசாத அந்தத் தாளுக்கு உண்மையைச் சொன்னே. இருபது வருஷமா உனக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தவனுக்குச் சொல்ல முடியலையா?”

“எப்படிண்ணே சொல்றது?” என்றான் நாகேஷ். “உங்க மூஞ்சியைப் பார்த்து, உங்களுக்குப் பாட்டு வரலன்னு எந்த வாயால சொல்றது? நீங்க கத்துக் கொடுத்த வாயாலயா?”

“துண்டு போர்த்தினப்ப அந்த வாய் சும்மாதானே இருந்தது.”

நாகேஷ் தலைகுனிந்தான். பரத் தொண்டையைச் செருமினான். சாமிநாதன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பார்த்த இடத்திலெல்லாம் கண்கள் தரைக்குத் தாழ்ந்தன. இவர்கள் எல்லோரையும் ஓத வைத்தவர் அவர். இப்போது அவர்களிடமிருந்து ஒரு சொல் பெறக் கையேந்தி நிற்கிறார், கொடுக்க ஒருவருமில்லை.

அப்போது பெண்கள் வரிசையின் கடைசியிலிருந்து எல்லம்மா பேசினாள்.

“மூணாம் பாட்டுல நிக்கறீங்க. தண்ணி வர்ற இடத்துல.”

அவர் திரும்பினார்.

“ஆறாம் பாட்டை அஞ்சாம் பாட்டோட கொண்டுபோய்ச் சேத்துடறீங்க. எட்டாம் பாட்டு சில நாள் வருது, சில நாள் வரல. பத்தாம் பாட்டு போன தை மாசத்துலேர்ந்து உங்ககிட்ட இல்ல. நாகேஷ் தம்பி முழுசாப் பாடுது, நீங்க வாயசைக்கறீங்க.” ஒரு மூச்சு எடுத்துக்கொண்டாள். “பதிகம் மட்டும் இல்ல. மார்க்கெட்டுல ரெண்டு தடவை வழி மாறிப் போயிட்டீங்க. எதிர்க்கடைக்காரர்தான் கூட்டிட்டு வந்தாரு. நீங்க அவர்கூடப் பேசிட்டு வந்ததா நெனச்சீங்க.”

அவர் கேட்டது இதைத்தான். கிடைத்தபின் அது அவர் எதிர்பார்த்ததுபோல் இல்லை. பாட்டுப் பாட்டாக, மாதம் தேதியோடு அவள் எண்ணி வைத்திருந்தாள். அத்தனை நாளும் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறாள், சோறு போட்டிருக்கிறாள், ‘இன்னிக்கு நல்லாப் பாடுனீங்க’ என்று சொல்லியிருக்கிறாள். நாகேஷின் பொய் அவரை ஒருமுறை அறுத்தது. அவளுடைய துல்லியமான உண்மையோ, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையையும் தனித்தனியே எடுத்து அறுத்தது.

“என்னை மன்னிச்சிடுங்க” என்றாள் எல்லம்மா.

மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. மன்னிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. நாகேஷ் அவர் கையைப் பற்ற வந்தான். அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

“இன்னும் எத்தனை கேள்வி இருக்கு?” என்று டீனாவைக் கேட்டார்.

“பதிமூணு, அங்கிள்.”

“இவன் வேண்டாம். இவளைக் கேளு. நான் இங்கேதான் இருப்பேன்.”

டீனா தாளோடு எழுந்துபோய் எல்லம்மாவின் எதிரே அமர்ந்தாள். குழுவினர் ஒருவர்பின் ஒருவராக எழுந்து வெளியே சென்றார்கள். சாமிநாதன் யாரையும் தடுக்கவில்லை. அன்று கூடத்தில் பதிகம் எழவில்லை. நான்காம் கேள்வி வந்தது. ‘முன்னைவிட மோசம்’ என்றாள் எல்லம்மா. ஐந்தாம் கேள்வி வந்தது. அவர் மனைவியின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் ஒவ்வொரு பதிலையும் கேட்டுக்கொண்டிருந்தார்.