அண்ணன் சொன்னது

மருந்துக்கடைக்காரர் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றபோது கதவு திறந்துவிட்டது. சட்டென்று குனிந்து தரையில் எதையோ தேடுவதுபோல் பாவனை செய்தார்.

வெளியே வந்த மனைவி அவரையே பார்த்தாள். அழுத முகம். ஆனால் அதில் அழுகை மட்டும் இல்லை என்று அவருக்குப் பட்டது.

"என்ன சொன்னார் உங்க அண்ணன்?"

"தண்ணி கேட்டார்."

அவள் கையிலிருந்த டம்ளர் ததும்ப நிறைந்திருந்தது.

அவள் அண்ணன் வெல்டர். புகையிலேயே வெந்து நுரையீரல் போய்விட்டது. இனி ஆஸ்பத்திரி வேண்டாம் என்று சொல்லி, இவர்கள் வீட்டுப் பின்னறையில் ஆக்ஸிஜன் சிலிண்டரோடு படுத்திருந்தார். இன்று காலை திடீரென்று, "எல்லாரும் வெளிய போங்க, தங்கச்சி மட்டும் இருக்கட்டும்" என்றுவிட்டார். அப்போது பிடித்து மருந்துக்கடைக்காரர் அந்தக் கதவை விட்டு நகரவில்லை.

வெல்டருக்கு அவர் மச்சான் ஆனது பிற்பாடு. அதற்கு முன் இருவரும் ஒரே தெரு, பள்ளியில் ஒரே பெஞ்சு. ஒருநாள் மெக்கானிக் ஷெட்டில் சாவியோடு நின்ற வேனை, சும்மா ஒரு ரவுண்டு என்று எடுத்தார்கள். ஓட்டியது மருந்துக்கடைக்காரர்தான். திருப்பத்தில் ஒரு காவலாளியின் கால்மேல் சக்கரம் ஏறியது. இவர் இறங்கி ஓடி வீட்டுக் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டார். கூட வந்தவன் ஓடவில்லை. காவலாளியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, ஆள் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தான். போலீஸ் வீட்டுக்கு வந்து கேட்டபோது, இவர் வாயிலிருந்து வந்தது ஒரே வார்த்தை: "அவன்தான்." ரத்தக்கறையோடு அகப்பட்டவன் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சீர்திருத்தப் பள்ளிக்குப் போனவன் மீசை முளைத்த பிறகுதான் திரும்பி வந்தான். வந்த அன்றே இவர் வீட்டு வாசலில் நின்று, "படத்துக்குப் போலாமாடா?" என்றான். வேறொன்றும் கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. அவனுக்குப் பெண் கொடுக்க யாரும் முன்வரவில்லை. தங்கையை மட்டும் இவருக்குக் கொடுத்தான். 'எதற்காகக் கொடுக்கிறான்?' என்று கல்யாணத்தன்றே இவர் தனக்குள் கேட்டுக்கொண்டார். அதற்குப் பின் ஒரே கூரையின்கீழ், சாப்பிடும்போது அவன் தொண்டையைச் செருமினால்கூட இவருக்குச் சோறு இறங்காது.

"உங்களக் கூப்பிடறார்," என்றாள் மனைவி. "போங்க."

உள்ளே போனார். வெல்டர் கண்ணைத் திறந்து பார்த்து, இவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நெருப்புப் பொறி பட்டுப் பட்டுப் பொட்டுப் பொட்டாய்த் தழும்பேறிய கை. அதில் இன்னும் இவ்வளவு பலம் இருக்கிறதே என்று மருந்துக்கடைக்காரர் நினைத்தார். வெல்டரின் உதடு அசைந்தது. குனிந்து காதைக் கொடுத்திருக்கலாம்.

"ஒரு நிமிஷம்டா. காத்து சரியா வரல. இதச் சரி பண்ணிடறேன்."

கையை விடுவித்துக்கொண்டு சிலிண்டர் பக்கம் திரும்பினார். அதில் ஒரு கோளாறும் இல்லை. திருகினார், பழையபடி திருகினார், குழாயைத் தடவிப் பார்த்தார். போதும் என்று தைரியம் வந்து திரும்பியபோது வெல்டரின் கண்கள் இவர் முதுகு இருந்த இடத்தையே பார்த்தபடி நின்றுபோயிருந்தன.

உடம்பைத் துடைக்கும்போது மனைவி கதவைச் சாத்தினாள். 'கேட்கப் போகிறாள்' என்று அவருக்குத் தோன்றியது.

"தலையப் பிடிங்க," என்றாள். அவ்வளவுதான்.

பிறகு ஆட்கள் வந்தார்கள். வெல்டர் வேலை பார்த்த பட்டறையின் முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டு இவர்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தார்.

"இவர மாதிரி ஆளப் பாக்க முடியாதும்மா. வாயத் தொறந்து யாரையும் ஒரு குத்தம் சொன்னதில்ல. ஆமா, சின்ன வயசுல ஏதோ வண்டிய ஓட்டி யாரையோ இடிச்சிட்டாராமே?"

"அப்படித்தான் சொல்லுவாங்க," என்றாள் மனைவி.

"நம்பவே முடியல. பட்டறை வண்டிய ஒரு தடவ கொஞ்சம் நகத்துங்கன்னேன். எனக்கு ஓட்டவே தெரியாதுன்னுட்டார். நீங்க சின்ன வயசுலேர்ந்தே பழக்கமாச்சே சார், உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?"

மருந்துக்கடைக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப நாளாச்சு," என்றார். "ஞாபகம் இல்ல."

அவள் மெதுவாகத் தலையை நிமிர்த்தி இவரைப் பார்த்தாள். பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். உடலை எடுத்துக்கொண்டு போகும்வரை அவள் இவர் பக்கம் வரவேயில்லை.

எல்லாம் முடிந்து வீடு திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. மருந்துக்கடைக்காரர் வீட்டுக்குள் ஒவ்வோர் அறையாகப் பார்த்தார். அவளைக் காணோம். போய்விட்டாளோ என்று ஒரு கணம் நினைத்தார். பின்கட்டில் இருந்தாள். அண்ணனின் போர்வைகளை அலசிப் போட்டிருந்தாள். அவை காய்ந்து விறைத்திருந்தன. ஒன்றை உருவி, இவர் வந்ததைப் பார்த்து, ஒரு பக்கத்து முனைகளை நீட்டினாள். பிடித்துக்கொண்டார்.

"காலையில அண்ணன் தண்ணி கேக்கல," என்றாள்.

அவர் போர்வையை இழுத்துப் பிடித்தார்.

"'அவன் பயத்துலதான் அப்படிச் சொன்னான். எனக்கு அப்பவே தெரியும். நான் போனப்புறம் அவன்கிட்ட சொல்லு. இருக்கும்போது சொன்னா ஓடிப்போயிடுவான்'னார். சொல்லும்போது சிரிச்சார். சிரிச்சதுல இருமல் வந்துடுச்சு."

கொடியில் மீதிப் போர்வை காற்றில் ஒருமுறை புரண்டு அடங்கியது.

"என்னத்தச் சொன்னார், யார்கிட்ட சொன்னார்னு கேட்டேன். 'நீ கேக்கக் கூடாது'ன்னார். சரின்னுட்டேன்." போர்வையை உதறி நேராக்கினாள். "அதனால நான் கேக்கல."

அடுத்த மடிப்புக்கு இருவரும் நடந்து கிட்டே வரவேண்டும். அவள் தன் முனைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். இவர் பக்கத்து முனை மட்டும் படபடத்துக்கொண்டிருந்தது. காற்று எப்போதோ நின்றிருந்தது.