நாலு நாள் தொடாத கூண்டு

குன்னூர் கடைவீதியில் இருபது வருடமாகக் கம்பி வலை விற்கிறேன். கோழிக்கு எந்த வலை, காட்டுப்பன்றிக்கு எந்த வலை, குரங்கு நுழையாமலிருக்க ஜன்னலுக்கு எந்த வலை என்று ஊரே என்னிடம் கேட்டுக்கொண்டு போகிறது. என் வீட்டில் மட்டும் என் பேச்சுக்கு மரியாதை கிடையாது. என்னத்தைச் சொல்ல!

என் மகள் நாஜ்னீனுக்குப் பன்னிரண்டு வயது. ஆசைப்பட்டாளே என்று கேத்தியில் முயல் வளர்க்கும் மாலதியிடமிருந்து ஒரு வெள்ளை முயல் வாங்கிக் கொடுத்தேன். அதற்கு சுல்தான் என்று பெயர் வைத்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பையைக்கூடக் கழற்றாமல் அதனிடம்தான் போவாள்.

மாலதி முயலைக் கையில் கொடுப்பதற்கு முன்பே கூண்டைப் பற்றித்தான் பேசினார்.

"ஏனுங்க, குளிருக்கு இதுக்கு ஒண்ணும் ஆவாதுங்க. ஒடம்பு பூரா முடிதானுங்களே? ஈரமும் மூத்திர நெடியுந்தான் ஆவாது. காத்து வந்து போவோணும். அடியில வலை போட்டு எல்லாம் கீழ உழுகற மாதிரி வெய்யுங்க. உக்கார ஒரு பலகை மட்டும் போட்டுருங்க."

மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பின்வாசலில் கூண்டு செய்தேன். தரையிலிருந்து இரண்டடி உயரம். மூன்று பக்கம் பலகை, முன்பக்கம் வலை. அடியிலும் வலை, அதற்குக் கீழே இழுத்துக் கொட்டுகிற தகரத் தட்டு. தினமும் காலையில் கடை திறப்பதற்கு முன்னால் புழுக்கையைக் கொட்டி, தட்டைக் கழுவி வெயிலில் சாய்த்து வைப்பேன். ஒரு நாள்கூடத் தவறியதில்லை. வாடையே இருக்காது.

நவம்பரில் பனிமூட்டம் இறங்கியது. சாயங்காலம் நாலு மணிக்கே கதவு ஜன்னலையெல்லாம் இழுத்துச் சாத்துகிற ஊர் இது. என் மனைவி ஜெய்புன்னிசா கூண்டையும் சாத்திவிட்டாள். அவள் தம்பி ஷகீல் டீத்தூள் குடோனில் வேலை பார்க்கிறான். அங்கே கிழிந்துபோகும் மூட்டைப் பைகளைக் கொண்டுவந்தான். கெட்டிக் காகிதம், உள்ளே பிளாஸ்டிக் பூச்சு. தூளில் ஈரம் ஏறக் கூடாது என்று செய்த பை. அதைக் கூண்டின் அடிவலை மேல் விரித்து, முன்பக்கத்துக்குத் தார்ப்பாயைக் கட்டித் தொங்கவிட்டார்கள்.

"ஜெய்பு, அந்தப் பைக்குள்ள தண்ணி எறங்காது. மூத்திரம் எப்படி எறங்கும்?" என்றேன்.

"நீங்க ஸ்வெட்டர் மேல ஸ்வெட்டர் போட்டுட்டு திரியறீங்க. அது வெறுங்கம்பி மேல நிக்கோணுமா? அல்லாவே, மனசு வருதா உங்களுக்கு?"

காலையில் நான் பிரித்துப் போடுவேன். சாயங்காலம் அவள் விரித்துவிடுவாள். பத்து நாள் இப்படியே போயிற்று. சொன்னால் கேட்டால்தானே!

ஒரு ஞாயிற்றுக்கிழமை சுல்தான் தும்மியது. மூக்கோரம் ஈரம். அவ்வளவுதான், எல்லோரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

"வலை வேண்டாம்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன்," என்றாள் ஜெய்புன்னிசா.

"கடையில விக்காத வலையெல்லாம் முயலு காலுக்கடியில போட்டுட்டாரு மச்சான்," என்று ஷகீல் சிரித்தான்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "இனிமேல் நான் தொட்டா ஏன்னு கேளுங்க! எல்லாந் தெரிஞ்சவங்க நீங்களே பாத்துக்குங்க," என்று கத்திவிட்டுக் கடைக்குப் போனேன்.

திங்கள், செவ்வாய், புதன், வியாழன். நாலு நாள் கூண்டுப் பக்கம் கை வைக்கவில்லை. ஜெய்புன்னிசா தினமும் பழைய பையின் மேலேயே புதுப் பையை விரித்தாள். மேலே பார்த்தால் பளிச்சென்று இருக்கும். தகரத் தட்டில் ஒன்றும் விழாததால் கழுவ வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டாள். நாஜ்னீனுக்குப் பரீட்சை நேரம். தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கிக் கேரட் தழையை உள்ளே தள்ளிவிட்டுப் படிக்கப் போய்விடுவாள்.

எனக்கு வாடை தெரிந்தது. அதை மறைத்துப் பிரயோசனமில்லை. பல் தேய்க்கப் பின்வாசலுக்குப் போகும்போதெல்லாம் மூக்கைச் சுளித்தேன். நாறட்டும், அப்போதுதான் இவர்களுக்குப் புத்தி வரும் என்று உள்ளே வந்துவிட்டேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் நாஜ்னீன் அலறினாள். சுல்தான் தழையை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. விலா எலும்பு ஏறி ஏறி இறங்கியது. அட்டைப்பெட்டியில் வைத்து மூவரும் கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டாக்டர் எல்சா பெட்டியைத் திறந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு சுல்தானின் பின்னங்காலைத் தூக்கிக் காட்டினார். முடி மஞ்சளாக ஒட்டிப்போய், தோல் சிவந்திருந்தது.

"இது குளிரால வந்ததில்ல. மூடி வெச்ச கூண்டுல மூத்திர நெடி நெஞ்சுல ஏறியிருக்கு. யாரு கூண்டு சுத்தம் பண்றது?"

நான் என்ன செய்திருக்க வேண்டும்? வாயை மூடிக்கொண்டு நின்றிருக்க வேண்டும். ஆனால் பத்து நாள் வயிற்றெரிச்சல் விடுமா?

"கேட்டுக்க ஜெய்பு! நல்லாக் கேட்டுக்க! நான் படிச்சுப் படிச்சுச் சொன்னனா இல்லையா? நாலு நாளா பின்வாசல்ல நின்னு பல்லு தேய்க்க முடியல, அந்த நாத்தம்!"

ஜெய்புன்னிசாவின் முகம் செத்துப்போயிற்று. நாஜ்னீன் என் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்கு நாலு நாளாத் தெரியுமா, அத்தா?"

நான் டாக்டர் மேசையிலிருந்த பஞ்சு டப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஊசி போட்டார்கள், மருந்து கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் பைகளை உரித்தேன். ஒவ்வொரு பைக்கும் நடுவில் மூத்திரம் தேங்கியிருந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. நெடியால்தான் என்று சொல்லிக்கொண்டேன். வலையைத் தேய்த்துக் கழுவி, வினிகர் ஊற்றி, வெயிலில் காயவைத்தேன். ஜெய்புன்னிசா தானே தார்ப்பாயைச் சுருட்டி எடுத்துப் போனாள்.

இரண்டு வாரத்தில் சுல்தான் தேறிவிட்டது. பழையபடி தழைக்குத் தாவியது. இனி நாஜ்னீன் முகமும் மலரும் என்று காத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் அட்டைப்பெட்டியோடு வந்து நின்றாள்.

"கேத்திக்குக் கூட்டிட்டுப் போங்கத்தா."

மாலதியிடம் காட்டி வரத்தான் போகிறோம் என்று நினைத்தேன். அங்கே போனதும் சுல்தானைத் தூக்கி மாலதி கையில் கொடுத்தாள். "நீங்களே வெச்சுக்குங்கக்கா," என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்ன தங்கம் இது? அதான் நல்லாயிருச்சே? அத்தா இனித் தெனமும் சுத்தம் பண்றேன். சத்தியமா."

அவள் அழவில்லை. கோபமும் படவில்லை. காலிப் பெட்டியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"பண்ணுவீங்கத்தா. அம்மாவோட அடுத்த சண்ட வர்ற வரைக்கும் பண்ணுவீங்க."

மாலதி முயலை அணைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். நாஜ்னீன் பஸ் நிறுத்தத்துக்கு நடக்க ஆரம்பித்தாள். நான் பின்னாலேயே போனேன்.